முகம் பாலத்தை மறைக்கிறது

வீடு,
மார்ச் 4

அன்புள்ள குட்டைக்கு,

இங்கே நலம். நீயும் உன் அக்காவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதமும், மலையூரில் கழுவி அனுப்பிய படங்களும் நேற்று வந்து சேர்ந்தன. கடிதத்தை ஒரு முறை படித்தேன். படங்களை மூன்று முறை பார்த்தேன், ஒன்றாவது தேறுமா என்று. தேறவில்லை.

உடனே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. நான் காலமெல்லாம் பாலமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டுகிறவன். வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வாரம் தவறாமல் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறவன். படத்தைப் பார்த்தால் எனக்குக் குறைதான் முதலில் கண்ணில் படும். உன் முதல் படத்தில் பஸ் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலில் உன் அக்காவின் நிழல் இருக்கிறது, மலை மட்டும் இல்லை. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக எடுக்காதே என்று ஸ்டேஷனில் தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே! இரண்டாவதில் சூரியனுக்கு எதிராக நின்று எடுத்திருக்கிறாய். மணிக்கூண்டு கரி பூசிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதில் ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரெல்லாம் தரையில் கொட்டிவிடும் போலிருக்கிறது. நான்காவதில் யாரோ ஒரு பெரியவர் வாய் நிறையச் சிரிக்கிறார். யார் அவர்? எதற்கு அவர்?

மறுபடியும் சொல்கிறேன், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் எடு. நடுப்பகலில் எடுத்தால் எல்லாம் வெளுத்துப்போகும், அந்த நேரத்தில் அறையில் படுத்துத் தூங்கு. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்து. தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் இருக்கும் என்பதை மறக்காதே. எல்லாவற்றையும் விட முக்கியம், பெரிய கட்டடம் எதுவானாலும் அதன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாத படத்தில் அளவு தெரியாது. எங்கள் கம்பெனியில் ஆள் நிற்காத படம் போனால் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். அடுத்து நீங்கள் போகிற துறைமுக ஊரில்தான் அந்த இரும்புப் பாலம் இருக்கிறது. நாம் போனபோது மழை விடாமல் பெய்து காரியத்தைக் கெடுத்தது. என் ‘நிமிர்ந்து நிற்பவை’ படப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் தயார், பாலத்தின் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. பதிப்பாளர் தினமும் போன் செய்து உயிரை எடுக்கிறார். எனக்கு இங்கே தொட்டியைக் கட்டி முடித்து ஒப்படைக்காமல் நகர வழியில்லை. ஆகவே அக்கா எடுக்கட்டும். நீ நில். புத்தகத்தில் எல்லாப் படத்திலும் நீதான் நிற்கிறாய், ஐந்தடி இரண்டங்குலம். உன்னை வைத்துத்தான் படிக்கிறவர்கள் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். கடைசிப் பக்கத்தில் வேறு ஆள் வந்து நின்றால் கணக்கு குழம்பிவிடும்.

ஏப்ரலோடு எனக்கு ஓய்வு. ஜூனில் நாம் இருவரும் இரண்டாவது புத்தகத்துக்குக் கிளம்புகிறோம், பத்து மாதம். எந்த ஊரில் எத்தனை நாள் என்று எல்லாம் போட்டு வைத்துவிட்டேன். அதற்குள் நீ கேமராவைக் கொஞ்சம் பழகிக்கொண்டால் எனக்கும் ஒத்தாசையாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்

பின்குறிப்பு: சர்க்கரை டப்பாவை எங்கே வைத்துவிட்டுப் போனாய்? மூன்று நாளாக வெறும் காப்பி.


விடுதி, இரண்டாம் மாடி,
மார்ச் 11

அன்புள்ள மேஸ்திரிக்கு,

இங்கே இருவரும் நலம். அக்காவுக்கு மட்டும் மூட்டு வலி. ஊசி போட்டுக்கொண்டு கிளம்பியவள், மாடிப்படியைப் பார்த்ததும் ஊசி போட்ட டாக்டரைத் திட்டினாள். ஆகவே இந்தத் துறைமுக ஊரிலேயே கொஞ்ச நாள் தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சர்க்கரை டப்பா எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் எது என்று உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை.

கடிதத்தை ஒரு முறை படித்தீர்கள், படங்களை மூன்று முறை பார்த்தீர்கள். சந்தோஷம். கடிதத்தை இன்னொரு முறை படித்திருந்தால் அந்தப் பெரியவர் யார் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். மலையூர் விடுதியில் வெந்நீர் போடுகிறவர். மூக்குக் கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் தொங்கும். ஒரு கை வாளியிலும் ஒரு கை கண்ணாடியிலுமாகவே மாடி ஏறுவார். கண்ணாடிக் கடையில் முகங்களைப் பார்த்தே பிழைக்கிற எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கொண்டாங்க என்று வாங்கி, அவர் கொண்டுவந்த வெந்நீரிலேயே காம்பைக் காட்டி, காதுப் பக்கம் வளைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், விழவில்லை. அந்தச் சிரிப்புதான் அது. நீங்கள் மணிக்கூண்டைக் கேட்டீர்கள், நான் அவரை எடுத்தேன்.

பாலத்துப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். பாலத்தைத் தேடித் தவிக்காதீர்கள், என் வலது காதுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் சொன்னபடிதான் நான் போய் கையை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தாள். “அக்கா, பாலம் பாலம்!” என்று கத்தினேன். “பாலம் எங்கயும் ஓடிடாதுடி. நீ இங்க பாரு. உன்ன இவ்ளோ கிட்டக்க பாத்து எத்தன வருஷமாச்சு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அழுத்திவிட்டாள். இங்கே ஸ்டூடியோக்காரர் படத்தைக் கையில் கொடுக்கும்போது, “நல்லா வந்திருக்கும்மா, பெருசு பண்ணி மாட்டுங்க” என்றார். ஆகாது என்று தெரியும், இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டும் என்று அனுப்புகிறேன். இன்னொரு நாள் போய் ஒழுங்காக எடுக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
குட்டை


வீடு,
மார்ச் 17

அன்புள்ள குட்டைக்கு,

உன் அக்கா ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து வார்டையே அதட்டி நடத்தினாள் என்று பெருமையாகச் சொல்வாய். ஒரு பாலத்தைப் படத்துக்குள் கொண்டுவர முடியவில்லையே! கிட்டே போகப் போகப் பாலம் பெரிதாகும் என்று நினைத்தாளா?

நான் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் இப்படி ஒரு படம் கொண்டுவந்திருந்தால் கேமராவைப் பிடுங்கிவிட்டு மண் அள்ள அனுப்பியிருப்பேன். சைட்டில் எப்படிச் செய்வேனோ அதேபோல் படத்தின் மேலேயே சிவப்புப் பென்சிலால் குறித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அக்காவிடம் காட்டு, புரிந்துகொள்ளட்டும். நடுவில் வட்டம் போட்டு ‘தடை’ என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது உன் தலை. அம்புக்குறி காட்டுகிற இடத்தில் பாலத்தின் இரண்டாவது தூண் தெரிந்திருக்க வேண்டும். ஓரத்தில் எழுதியிருப்பதுதான் சாராம்சம்: முகம் பாலத்தை மறைக்கிறது.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இனி அக்காவிடம் கேமராவைக் கொடுக்காதே. நீ எடு, அக்கா நிற்கட்டும். படகுத்துறை மேடையின் கோடி வரைக்கும் பின்னால் போ. அங்கிருந்து பார்த்தால் முழுப் பாலமும் அடங்கும். காலையில் போ, வெயில் உன் முதுகில் விழும். அக்கா இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே ஒரு சிக்கல், அவள் உன்னைவிட இரண்டு அங்குலம் உயரம். முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு நிற்கச் சொல். புடவைக்குள் மடக்கினால் வெளியே தெரியாது. ஒரு நிமிஷம்தானே.

பதிப்பாளர் மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு வேலை, குட்டை. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

சர்க்கரை கிடைத்தது. அது சர்க்கரை இல்லை, உப்பு.

உன் அன்புக் கணவன்


விடுதி,
மார்ச் 23

மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் கவர் கனமாக இருந்ததால் விடுதி பில் என்று நினைத்து அக்காதான் பிரித்தாள். நாங்கள் கீழே சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். படத்தை எடுத்தவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம், “என்னடி இது, எக்ஸ்ரேல கட்டி இருக்கற எடத்தக் குறிச்ச மாதிரி குறிச்சிருக்காரு?” என்று என் கையில் கொடுத்தாள்.

கடிதத்தையும் அவளே வாய்விட்டுப் படித்தாள். முழங்கால் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். “நான் என்ன மடக்கு நாற்காலியா? உன் வீட்டுக்காரர வந்து நிக்கச் சொல்லு, நான் அவரு கழுத்த மடக்கறேன்” என்றாள். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை.

எனக்கு வலித்தது. சுற்றி வளைத்து எழுத வரவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். உங்கள் சிவப்புப் பென்சிலைக் கம்பி மேல் போடுங்கள், காங்கிரீட் மேல் போடுங்கள், என் சமையல் மேல் போட்டாலும் பரவாயில்லை. என் மூஞ்சியின் மேல் வட்டம் போட்டுத் தடை என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

கல்யாணமான நாளிலிருந்து உங்களோடு எத்தனை ஊர் போயிருக்கிறேன். கலங்கரை விளக்கம், அணைக்கட்டு, புகைக்கூண்டு, கோட்டை. போன இடமெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். நேரா நில்லு, கையை ஆட்டாதே, வெயிலில் கண்ணைச் சுருக்காதே, மேகம் விலகட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நான் பார்த்ததெல்லாம் ஒரே காட்சிதான். ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குக் கீழே உங்கள் மோவாய். அந்தப் பெரிய அருவிக்குப் போய்விட்டு வந்தபோது கடையில் எல்லாரும் ஆசையாகக் கேட்டார்கள், “எப்டிக்கா இருந்துச்சு?” என்று. நல்ல சத்தம் என்று சொன்னேன். அவர்கள் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தார்கள். நிஜமாகவே எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சத்தம் கேட்டது, முதுகு நனைந்தது. ஒரு தடவை திரும்பியதும் ‘அசையாதே’ என்றீர்கள், அப்புறம் நான் நின்று பார்க்கலாம் என்கிற நேரத்தில் நீங்கள் ஸ்டாண்டை மடக்கி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றீர்கள்.

அக்கா எடுத்த படத்தில் பாலம் இல்லைதான். அதை உங்களுக்கு அனுப்பியபோது, ஒரு வார்த்தை ஏதாவது எழுதுவீர்கள் என்று நினைத்தேன். இந்த வயசில் இப்படி ஒரு நினைப்பு.

பாலத்துப் பக்கம் இப்போதைக்குப் போவதாக இல்லை. பதிப்பாளரிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


வீடு,
மார்ச் 30

அன்புள்ள குட்டைக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷமாக வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? அருவியில் வைத்தே, நான் பாக்கணும், கொஞ்சம் இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் போனால் போகட்டும் என்று விட்டிருக்க மாட்டேனா? சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு போய் நின்றது யார்? இப்போது கடிதத்தில் வாரிக் கொட்டினால் நான் என்ன செய்வது?

அது கிடக்கட்டும். இங்கே ஒரு பெரிய தலைவலி. பதிப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். அச்சுக்குப் போகிற தாள்களை மேஜையில் பரப்பி, “சார், எல்லாப் படத்துலயும் ஒரு அம்மா நிக்கறாங்களே, யாரு அவங்க?” என்றார். என் மனைவி என்றேன். அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தேவிட்டார். “எல்லாத்துலயுமா? இத மொதல்லயே சொல்றதில்லயா சார்! அவங்க முகம் நல்லாத் தெரியற மாதிரி ஒரு படம் குடுங்க, பின்னட்டையில போட்டுடலாம்” என்றார். அதற்கென்ன, நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். ஒன்று இல்லை. எல்லாவற்றிலும் நீ இருக்கிறாய், ஆனால் விரல் நகத்தின் அளவுக்கு மேல் எதிலும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெறும் புள்ளிகள்தான் தெரிகின்றன. கல்யாணப் படத்தில் இருப்பாய் என்று எடுத்தேன், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாய். வீட்டில் இவ்வளவு படம் இருந்து, உன் முகம் ஒன்று இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

கடைசியில் பரண் மேல் கழித்துப் போட்ட படங்களின் பெட்டியை இறக்கினேன். உதவாது என்று நான் தள்ளியவை. எல்லாவற்றின் பின்னாலும் ‘அசைந்துவிட்டாள்’ என்று என் கையெழுத்து. கொட்டாவி விடுகிறாய், தும்முகிறாய், செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டுகிறாய், யாருடைய குழந்தையையோ பார்த்து நாக்கை நீட்டுகிறாய். அருவிப் படம் ஒன்று இருக்கிறது. அதில் நீ முழுக்கத் திரும்பிவிட்டாய், முதுகும் பின்னலும்தான் தெரிகிறது, அதுவும் கலங்கலாக. முகமே இல்லை, இருந்தாலும் பார்த்ததும் நீ என்று தெரிகிறது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெட்டியை இன்னும் மேலே ஏற்றவில்லை. தரையிலேயே கிடக்கிறது, வேலைக்காரம்மா பெருக்க இடமில்லாமல் முணுமுணுக்கிறாள்.

ஆனால் அவற்றையெல்லாம் அட்டையில் போட முடியாது. ஆகவே அக்கா எடுத்த அந்தப் படத்தை உடனே திருப்பி அனுப்பு. சிவப்புப் பென்சில்தானே, ரப்பரால் அழித்தால் போய்விடும். பாலத்துக்குப் பத்தாம் தேதி வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். கோபத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு ஒரு காலை மட்டும் போய் வா.

ஜூன் பயணத்துக்கு உனக்கு நல்ல கெட்டியான செருப்பு ஒன்று வாங்க வேண்டும். அளவு மறந்துவிட்டது, எழுது.

உன் அன்புக் கணவன்


விடுதி,
ஏப்ரல் 5

அன்புள்ள மேஸ்திரிக்கு,

கோபம் தணிந்த பிறகு எழுதுகிறேன். அதனால் இதில் இருப்பதைக் கோபத்தில் எழுதியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படத்தை அனுப்ப மாட்டேன். சிவப்புப் பென்சில் ரப்பரில் போகாது. கடையில் கண்ணாடி துடைக்கிற திரவம் கைப்பையில் ஒரு குப்பி இருந்தது, அதைத் தொட்டு நானே தேய்த்துப் பார்த்தேன். எழுத்து போய்விட்டது, கன்னத்தில் ரோஜா நிறத்தில் கறை நிற்கிறது. அக்கா அதைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கேட்டால், “இது என் தங்கச்சி. உன் வீட்டுக்காரரு வேணும்னா அவரு பாலத்த வெச்சுக்கட்டும்” என்கிறாள். என்னிடம் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஒரு படம் வேண்டியிருக்கிறது என்பதற்காகத் தேடின முகம் எனக்கு அட்டையில் வர வேண்டாம்.

நான் பாலத்துக்குப் போனேன். தனியாக, கேமராவை அக்காவிடம் விட்டுவிட்டு. கையில் ஒன்றும் இல்லாமல் போனதே என்னவோ வேலைக்கு டிமிக்கி கொடுத்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் அது நேராக ஓடுகிற பாலம் என்றே நினைத்திருந்தேன். இல்லை, நடுவில் லேசாக முதுகைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. லாரி போனால் காலுக்குக் கீழே கிடுகிடு என்கிறது. கம்பிக்குக் கம்பி புறாக்கள். தூணில் ஒருவர் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். “போட்டோ எடுக்கலயாம்மா? வர்றவங்க எல்லாம் எடுப்பாங்களே” என்றார். இல்ல, பாக்க வந்தேன் என்றேன். “அப்ப நல்லாப் பாருங்க, நான் கொஞ்சம் நகந்துக்கறேன்” என்று பலகையோடு ஒரு பக்கமாக ஒதுங்கினார். சாப்பாட்டு நேரம் வரைக்கும் பார்த்தேன். எனக்காக ஒருவர் நகர்ந்துகொண்டது அதுவே முதல் தடவை என்று தோன்றியது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. தோன்றியது, எழுதினேன்.

மறுநாள் காலையில் கேமராவோடு போனேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் சரி, அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. வெயில் முதுகில், முழங்கை விலாவில், தண்ணீர் மட்டத்தில். உங்கள் பாடத்தில் ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது: முதலில் பார்க்க வேண்டும். கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் அளவு எடுக்க மாட்டேன், கொஞ்சம் பேச்சுக் கொடுப்பேன். பேசும்போதுதான் முகம் தன் இடத்தில் உட்காரும். பாலத்துக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது. நான் எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுப் பாலமும் இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை. அளவு தெரியாது என்று உங்கள் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்ன செய்ய?

ஜூன் பயணத்துக்கு நான் வரவில்லை. செருப்பு வாங்க வேண்டாம். நீங்கள் ஆசை ஆசையாகப் போட்டு வைத்த திட்டம், அதைக் கெடுக்க எனக்கு இஷ்டமில்லை. போய் வாருங்கள். வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள், கணக்கு கொஞ்சம் குழம்பினால் குழம்பட்டும். என்னால் இனி நிற்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


வீடு,
ஏப்ரல் 9

அன்புள்ள குட்டைக்கு,

படம் வந்தது. குறை கண்டுபிடிக்கலாம் என்று விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். இல்லை. புத்தகத்தில் இருக்கிற என் படங்களை எல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன், வயிற்றெரிச்சல். பதிப்பாளர் பார்த்துவிட்டு நேராகப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆள் இல்லையே என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். “இருக்கட்டும் சார்” என்றார். பின்னட்டையில் உன் முகம் வராது என்றும் சொல்லிவிட்டேன்.

ஜூன் பயணத்தைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தாயிற்று. முதலில் உன்னைத் திட்டினேன், அப்புறம் உன் அக்காவை, அப்புறம் திட்ட ஆளில்லை. வீட்டில் எதிலும் கை ஓடவில்லை. ஆபீசில் தொட்டியின் படம் ஒன்று வந்தது. பக்கத்தில் ஒரு ஆள் விறைத்துக்கொண்டு நின்றான். முதல் தடவையாக, இவன் பெயர் என்ன என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எல்லாரையும் சத்தம் போட்டேன், எதற்கு என்று அவர்களுக்கும் புரியவில்லை.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்த வாரம் வியாழக்கிழமை வண்டியில் அங்கே வருகிறேன். கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். படம் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, நேரா நில்லு கிடையாது. நீயும் நானும் போய்ப் பாலத்தைப் பார்ப்போம், நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். கையை வீசிக்கொண்டு எப்படி நிற்பது என்றுதான் தெரியவில்லை. அக்காவின் பையையாவது தூக்கிக்கொள்கிறேன். அவளிடம் பக்குவமாகச் சொல்லிவை.

உன்னை உடனே பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

உன் அன்புக் கணவன்


விடுதி,
ஏப்ரல் 13

அன்புள்ள மேஸ்திரிக்கு,

வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்து நன்றாக அழுதேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, “அழறதுன்னா அழுது முடி. ஆனா பதில இன்னிக்கே போட்டுடு, இல்லன்னா அந்த மனுஷன் வண்டி ஏறிடுவாரு” என்றாள். அதனால்தான் அவசரத் தபாலில் அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கவலையாக இருக்கிறது.

நீங்கள் பொய் சொல்லவில்லை என்று தெரியும். கேமரா இல்லாமல்தான் வருவீர்கள். பையைக்கூடத் தூக்குவீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லாதது உங்கள் மேல் இல்லை, என் மேல்தான். நீங்கள் படகுத்துறை மேடையில் வந்து நின்றால், எனக்குக் கால் தானாகவே தூண் பக்கம் போய்விடும். பாலத்துக்கு முதுகைக் காட்டி, கையை ஒட்டி வைத்துக்கொண்டு, உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனை வருஷப் பழக்கம் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் போய்விடாது. இங்கே நான் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிற்கப் பழகுகிறேன்.

அக்காவின் மூட்டு சரியாகிவிட்டது. நாங்கள் இன்னும் மூன்று ஊர் போகிறோம். மாசக் கடைசியில் வீட்டுக்கு வருவேன். ஜூனில் நீங்கள் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும், அதில் மாற்றம் இல்லை. லீவை ரத்து செய்யுங்கள், தொட்டியை ஒப்படையுங்கள், அந்த ஆளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. நம் வீட்டில் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது, நான்கு சுவரும் ஒரு மேஜையும்தான். அங்கே வந்து உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே என்னை விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
குட்டை